சில நேரம் கேட்கும், சில நேரம் கேட்காது: வன்தட்டின் உறக்கக் கட்டளைகள்

வீட்டில் எல்லோரும் படுத்த பிறகுதான் மேசைக்கு அடியில் இருக்கும் பழைய கணினியின் சத்தம் காதில் விழும். உள்ளே வன்தட்டு சுழன்றுகொண்டிருக்கும். கொஞ்ச நேரத்தில் சத்தம் அடங்கும். 'அப்பாடா, தூங்கிவிட்டது' என்று நினைப்பதற்குள் 'டக்' என்று ஒரு சத்தம். மறுபடியும் சுழற்சி. கணினியை யாரும் தொடவில்லை. பிறகு ஏன் விழித்தது?

ஜொகூரில் இப்படிப்பட்ட கணினிகள் வைத்திருக்கும் வீடுகள் பல. பழைய கணினியைத் தூக்கி எறிய மனமில்லாமல், அதில் லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றி, ஒன்றிரண்டு பெரிய வன்தட்டுகளைப் பொருத்தி, வீட்டின் சேமிப்புப் பெட்டியாக ஆக்கிவிடுகிறோம். கல்யாண வீடியோ, பிள்ளைகளின் பட்டமளிப்புப் படங்கள், தோட்டத்தில் இருந்த காலத்தில் எடுத்து, பின்னால் ஸ்கேன் செய்துவைத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் எல்லாம் அதற்குள்தான். அந்தத் தோட்டக் கோயிலும் லயமும் இன்று இல்லை. படம் மட்டும்தான் மிச்சம். ஆகவே அந்தப் பெட்டிக்குள் இருக்கும் வன்தட்டின் ஆயுள் நமக்குச் சின்ன விஷயம் அல்ல.

'பத்து நிமிடம் வேலை இல்லையென்றால் தூங்கு' என்று அதற்கு ஒரு கட்டளை கொடுத்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நேற்று கேட்டது. இன்று கேட்கவில்லை. கணினியை அணைத்துப் போட்டால் மறுபடியும் கேட்கிறது. இரண்டு நாள் கழித்து மறுபடியும் பழைய கதை. எப்போதும் இருக்கும் கோளாறைக் கண்டுபிடிப்பது எளிது. வந்து வந்து போகும் கோளாறுதான் ஆளை அலைக்கழிக்கும். இந்த வாரம் அதைப் பிடிக்கும் வழியைப் பார்ப்போம்.

முதலில் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இயந்திரத்துக்கு மனநிலை கிடையாது. 'சில நேரம் கேட்கவில்லை' என்றால், அந்தச் 'சில நேரத்தில்' ஏதோ ஒன்று நடந்திருக்கிறது. அது என்ன என்று கண்டுபிடித்துவிட்டால் பாதிக் கோளாறு தீர்ந்தது.

ஜொகூரும் வன்தட்டும்

வன்தட்டு நமக்கு அந்நியப் பொருள் அல்ல. அதன் உள்ளே சுழலும் தகட்டுக்கு அடிப்படையாக இருப்பது மிக வழவழப்பாகத் தேய்த்தெடுத்த ஓர் அலுமினிய வட்டு. அதன்மேல்தான் காந்தப் பூச்சு ஏறும். அந்த மூல வட்டுகளைச் செய்யும் ஆலையை சீகேட் நிறுவனம் நம் ஜொகூரிலேயே நடத்தி வந்திருக்கிறது.

இன்று அதே வட்டாரம் வேறொரு காரணத்துக்காகப் பேசப்படுகிறது. கூலாயில் 'கூலாய் யங்' தோட்டமாக இருந்த நிலத்தில் ஒய்டிஎல் நிறுவனத்தின் தரவு மையப் பூங்கா எழுந்திருக்கிறது. அதன் திட்டமிட்ட கொள்ளளவு 500 மெகாவாட். அங்கே சேமிப்பு எந்திரங்களைக் கண்காணிக்கப் பொறியாளர்கள் இரவும் பகலும் இருப்பார்கள். நம் வீட்டுப் பெட்டிக்கு நாம்தான் பொறியாளர்.

வீட்டில் மிச்சமாகும் மின்சாரம் எவ்வளவு? 3.5 அங்குல வன்தட்டு ஒன்று சும்மா சுழன்றுகொண்டிருக்க ஏறக்குறைய 5 வாட் எடுக்கும். தூங்கினால் 1 வாட்டுக்கும் கீழே வந்துவிடும். இரண்டு வன்தட்டுகள் ஒரு நாளில் 20 மணி நேரம் தூங்கினால், ஓர் ஆண்டில் மிச்சமாவது சுமார் 58 கிலோவாட் மணி. பெரிய தொகை அல்ல. அதைவிட முக்கியம், வெப்பமும் சத்தமும் குறைவது. ஆனால் தவறாகத் தூங்கவைத்தால் வன்தட்டின் ஆயுளே குறைந்துவிடும். அதனால்தான் இந்தக் கட்டளையைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

தூக்கத்தில் நான்கு நிலை

வன்தட்டின் தகடு நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கிறது. அதன்மேல், ஒரு முடியின் பருமனைவிடப் பல்லாயிரம் மடங்கு சிறிய இடைவெளியில், படிக்கும் தலை மிதக்கிறது. வேலை இல்லாதபோது அந்தத் தலை தகட்டைவிட்டு விலகி, ஓரத்தில் இருக்கும் ஒரு சாய்மேடையில் ஏறி ஒதுங்கிக்கொள்ளும்.

வேலை செய்யும் நிலை, சும்மா இருக்கும் நிலை, சுழற்சி நின்ற நிலை, ஆழ்ந்த உறக்க நிலை என நான்கு நிலைகள் வன்தட்டுக்கு உண்டு. சும்மா இருக்கும்போது தகடு சுழலும். தலை மட்டும் ஒதுங்கியிருக்கலாம். மூன்றாம் நிலையில் தகடே நின்றுவிடும். ஆனால் ஏதாவது ஒரு கோப்பைக் கேட்டால் தானாக எழுந்துகொள்ளும். நான்காம் நிலையிலிருந்து எழுப்ப, வன்தட்டை மீட்டமைக்க வேண்டும்.

தலை ஒதுங்குவதும் சுழற்சி நிற்பதும் வேறு வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பலருக்கு 'கட்டளை வேலை செய்யவில்லை' என்று தோன்றுகிறது. தலை ஒதுங்கும் சத்தத்தைக் கேட்டு 'தூங்கிவிட்டது' என்று நினைக்கிறோம். உண்மையில் தகடு சுழன்றுகொண்டே இருக்கும்.

லினக்ஸில் இந்த நிலைகளைக் கேட்கவும் மாற்றவும் பயன்படும் கருவியின் பெயர் எச்டிபார்ம். எச், டி, பி, ஏ, ஆர், எம் என்ற ஆறு ஆங்கில எழுத்துகளையும் சிறிய எழுத்தில் சேர்த்துத் தட்டச்சு செய்ய வேண்டும். கனடாவைச் சேர்ந்த மார்க் லார்ட் எழுதியது. அதில் நமக்கு வேண்டியவை மூன்று தெரிவுகள்.

பெரிய எழுத்து 'சி' போட்டால், வன்தட்டு இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லும். பெரிய எழுத்து 'பி' போட்டால், மின்சிக்கன அளவைக் காட்டும். அதோடு ஓர் எண்ணையும் சேர்த்தால் அந்த அளவை மாற்றும். 1 முதல் 127 வரை கொடுத்தால் சுழற்சியை நிறுத்த வன்தட்டுக்கு அனுமதி உண்டு. 128 முதல் 254 வரை கொடுத்தால் நிறுத்தாது. 255 கொடுத்தால் அந்த வசதியையே அணைக்கும். பெரிய எழுத்து 'எஸ்' போட்டு எண் கொடுத்தால், எவ்வளவு நேரம் சும்மா இருந்த பிறகு நிற்க வேண்டும் என்று சொல்கிறோம்.

இந்த 'எஸ்' எண்ணில் ஒரு பொறி இருக்கிறது. அது நிமிடம் அல்ல. 1 முதல் 240 வரை ஒவ்வொன்றும் 5 வினாடி. 241 முதல் 251 வரை ஒவ்வொன்றும் அரை மணி நேரம். ஆகவே 10 நிமிடம் வேண்டுமென்றால் 120 என்று கொடுக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு 242. 'பத்து நிமிடம்தானே' என்று 10 கொடுத்தால் 50 வினாடியில் நின்றுவிடும். அடுத்த கோப்பைத் திறந்தால் எழும், மறுபடியும் 50 வினாடியில் நிற்கும். கோளாறு என்று நாம் நினைக்கும் பல விஷயங்கள் இந்த எண்ணில்தான் தொடங்குகின்றன. முதலில் இதைச் சரிபாருங்கள்.

கட்டளை எங்கே தங்குகிறது?

இனி முக்கியமான கேள்வி. நீங்கள் கொடுத்த எண்ணை யார் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள்?

லினக்ஸ் அல்ல. எச்டிபார்ம் அந்த எண்ணை வன்தட்டிடம் ஒப்படைத்துவிட்டுப் போய்விடும். வன்தட்டின் சொந்தச் சுற்றுப்பலகைதான் அதை வைத்துக்கொள்கிறது. மின்சாரம் போனால் அதன் நினைவும் போய்விடும். மறுபடியும் மின்சாரம் வரும்போது, ஆலையில் வைத்த பழைய அளவோடுதான் வன்தட்டு எழும்.

கணினியை முழுவதும் அணைத்தால்தான் மின்சாரம் போகும் என்று நினைக்காதீர்கள். மடிக்கணினியை மூடிவைத்துத் தற்காலிகமாக உறங்கவிடும்போதும் வன்தட்டுக்குப் போகும் மின்சாரம் நின்றுவிடும். மூடியைத் திறந்ததும் உங்கள் ஆவணம் அப்படியே இருக்கிறது. அதனால் எல்லாமே அப்படியே இருப்பதாகத் தோன்றும். ஆனால் வன்தட்டுக்கு நீங்கள் சொன்ன கட்டளை மட்டும் காணாமல் போயிருக்கும்.

இது கற்பனை அல்ல. 2007-ஆம் ஆண்டு உபுண்டு லினக்ஸ் பயனர்களிடையே இது பெரிய பிரச்சினையாக வெடித்தது. சில மடிக்கணினிகளின் வன்தட்டுகள் மின்சிக்கனத்துக்காக ஓயாமல் தலையை ஒதுக்கி, உடனே திரும்ப இறக்கிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு முறையும் வன்தட்டு அதைக் கணக்கு வைக்கும். அந்த எண்ணிக்கை விரைவாக ஏறுவதைப் பார்த்துப் பயனர்கள் அதிர்ந்துபோனார்கள். எச்டிபார்ம் மூலம் 254 அல்லது 255 கொடுத்தால் எண்ணிக்கை ஏறுவது நின்றது. ஆனால் மடிக்கணினியை மூடித் திறந்ததும் மறுபடியும் ஏறத் தொடங்கியது. கடைசியில் ஒரே சிறு நிரலைப் பல இடங்களில் வைக்க வேண்டியிருந்தது: கணினி தொடங்கும்போது ஓட ஒன்று, உறக்கத்திலிருந்து எழும்போது ஓட ஒன்று, மின்னிணைப்பு மாறும்போது ஓட ஒன்று. 'சில நேரம் வேலை செய்கிறது' என்ற புதிருக்கு விடை அதுதான். கட்டளை தவறவில்லை, அது மறக்கப்பட்ட பிறகு திரும்பச் சொல்ல ஆள் இல்லை.

இதை ஏன் இவ்வளவு கவலையோடு பார்க்க வேண்டும்? தலை ஒதுங்கித் திரும்புவதற்கு ஓர் எல்லை உண்டு. பல வன்தட்டுகளுக்கு 3 லட்சம் முறை, சிலவற்றுக்கு 6 லட்சம் முறை என்று தயாரிப்பாளர்கள் குறிப்பிடுகிறார்கள். 30 வினாடிக்கு ஒரு முறை ஒதுங்கித் திரும்பினால் மணிக்கு 120 முறை, நாளுக்கு 2,880 முறை. 3 லட்சத்தைத் தொட 104 நாள் போதும். அந்த எண்ணைத் தொட்டவுடன் வன்தட்டு செத்துவிடும் என்று பொருள் அல்ல. ஆனால் பல ஆண்டு தேய்மானத்தை மூன்றரை மாதத்தில் முடித்துவிட்டோம் என்று பொருள்.

சந்தேகப்பட வேண்டிய ஐந்து பேர்

வன்தட்டு மறக்கிறது என்பது ஒரு காரணம். அது போக, கோளாறு வந்து வந்து போவதற்கு ஐந்து காரணங்கள் அடிக்கடி பிடிபடுகின்றன.

ஒன்று, பெயர் மாற்றம். லினக்ஸ் உங்கள் வன்தட்டுகளுக்கு எஸ்டிஏ, எஸ்டிபி என்று பெயர் வைக்கும். அந்தப் பெயர் வன்தட்டின் சொந்தப் பெயர் அல்ல. கணினி தொடங்கும்போது யார் முதலில் தென்பட்டாரோ அவருக்குக் கிடைக்கும் வரிசை எண் போன்றது. இன்று எஸ்டிபி ஆக இருப்பது, நாளை ஒரு பென்டிரைவ் செருகியிருந்தால் எஸ்டிசி ஆகிவிடலாம். உங்கள் கட்டளை எஸ்டிபி என்ற பெயருக்குப் போகிறது. அந்தப் பெயரில் இன்று வேறு ஆள் உட்கார்ந்திருக்கிறார். 'அணைத்துப் போட்டால் சரியாகிறது' என்ற அனுபவத்துக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இரண்டு, இன்னொரு முதலாளி. நீங்கள் ஒரு கட்டளை கொடுக்கிறீர்கள். வேறொரு நிரல் அதை மாற்றிவிடுகிறது. மடிக்கணினிகளில் பலர் போட்டிருக்கும் டிஎல்பி என்ற மின்சிக்கன நிரல், சார்ஜர் செருகியிருந்தால் ஓர் அளவும் பேட்டரியில் ஓடினால் வேறோர் அளவும் வன்தட்டுக்குக் கொடுக்கும். யுடிஸ்க்ஸ் என்ற சேவையும் தனக்கென ஓர் அமைப்புக் கோப்பு வைத்திருக்கிறது. க்னோம் திரையில் 'டிஸ்க்ஸ்' என்ற நிரலைத் திறந்து எப்போதோ நீங்களே ஓர் அளவை வைத்து மறந்திருந்தால், அது அங்கே எழுதப்பட்டிருக்கும். இரண்டு பேர் ஒரே வேலையாளை ஏவினால், கடைசியாகச் சொன்னவர் பேச்சுதான் செல்லும்.

மூன்று, நலம் விசாரிக்க வருபவர். வன்தட்டின் உடல்நிலையைக் கண்காணிக்கும் ஸ்மார்ட்-டி என்ற சேவை, நாம் மாற்றாவிட்டால் 30 நிமிடத்துக்கு ஒரு முறை வன்தட்டைக் கேள்வி கேட்கும். நீங்கள் உறக்கத்துக்கு ஒரு மணி நேரம் வைத்திருந்தால், அந்த ஒரு மணி நேரம் முடியவே முடியாது. பல வன்தட்டுகள் ஒவ்வொரு கேள்வியிலும் கணக்கை முதலிலிருந்து தொடங்குகின்றன. 20 நிமிடம் வைத்திருந்தால் இன்னும் மோசம். 20 நிமிடத்தில் தூங்கி, பத்து நிமிடத்தில் எழுப்பப்படும். நாளுக்கு 48 முறை, ஆண்டுக்கு 17,520 முறை சுழற்சி நின்று தொடங்கும். நோயாளி நன்றாகத் தூங்குகிறாரா என்று பார்க்க அவரைத் தட்டி எழுப்பிக் கேட்பது போன்றது இது. ஸ்மார்ட்-டியின் அமைப்புக் கோப்பில் 'நின்றிருந்தால் கேட்காதே' என்று சொல்லும் தெரிவு உண்டு. சிறிய எழுத்து 'என்', அதன் பிறகு 'ஸ்டான்ட்பை' என்ற சொல்.

நான்கு, எழுதிக்கொண்டே இருப்பவர். கணினி தன் நிகழ்வுக் குறிப்புகளை எழுதுகிறது. படங்களுக்குச் சிறு உருவம் செய்யும் நிரல் ஓடுகிறது. கோப்புப் பட்டியல் போடும் நிரல் இரவில் எல்லாவற்றையும் துழாவுகிறது. இவற்றில் ஒன்று அந்த வன்தட்டைத் தொட்டாலும் அது எழுந்தாக வேண்டும். யார் தொடுகிறார்கள் என்று காட்ட ஃபேட்ரேஸ் என்ற கருவி இருக்கிறது. எந்த நிரல் எந்தக் கோப்பைத் தொடுகிறது என்று வரிவரியாகச் சொல்லும்.

ஐந்து, நடுவில் நிற்கும் மொழிபெயர்ப்பாளர். யுஎஸ்பி பெட்டிக்குள் இருக்கும் வன்தட்டோடு கணினி நேரடியாகப் பேசுவதில்லை. பெட்டிக்குள் ஒரு சிறிய சில்லு யுஎஸ்பி மொழியை வன்தட்டின் மொழிக்கு மாற்றுகிறது. சில சில்லுகள் உறக்கக் கட்டளையை அப்படியே கடத்தும். சில விழுங்கிவிடும். சில தாங்களாகவே ஒரு நேரக் கணக்கு வைத்துத் தூங்கவைக்கும். ஒரே வன்தட்டு ஒரு பெட்டியில் சொன்னதைக் கேட்டு, இன்னொரு பெட்டியில் கேட்காவிட்டால், குற்றம் வன்தட்டின் மேல் அல்ல.

இந்த ஐவரோடு சேராத ஓர் ஆளையும் சொல்லிவிட வேண்டும். வெஸ்டர்ன் டிஜிட்டலின் 'கிரீன்' வகை வன்தட்டுகளில் 8 வினாடி சும்மா இருந்தால் தலையை ஒதுக்கும் கணக்கு ஆலையிலேயே வைக்கப்பட்டிருந்தது. இது 'பி' அளவுக்குக் கட்டுப்படாத தனிக் கணக்கு. மின்சாரம் போனாலும் அழியாது. அதை மாற்றத் தனிக் கருவி வேண்டும். மாற்றிய பிறகு மின்சாரத்தை முழுவதும் நிறுத்தித் திரும்பக் கொடுத்தால்தான் மாற்றம் நடைமுறைக்கு வரும். பழைய கிரீன் வன்தட்டு உங்கள் பெட்டியில் இருந்தால் இதை மறக்காதீர்கள்.

கையும் களவுமாகப் பிடிப்பது

இனி துப்பறியும் வேலை. அதற்கு முன் ஒரே ஒரு நிபந்தனை: படங்களையும் ஆவணங்களையும் வேறொரு வன்தட்டில் நகல் எடுத்துவிடுங்கள். நகல் இல்லாத வன்தட்டில் சோதனை செய்யாதீர்கள்.

முதல் படி, வன்தட்டுக்கு இந்த வசதியே உண்டா என்று கேளுங்கள். எச்டிபார்மோடு பெரிய எழுத்து 'ஐ' போட்டால் நீண்ட பட்டியல் வரும். அதில் மேம்பட்ட மின்மேலாண்மை என்ற பொருள்படும் வரி இருக்கிறதா, அதன் முன்னால் நட்சத்திரக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். வரியே இல்லையென்றால் 'பி' அளவு அதற்குப் புரியாது. 'எஸ்' நேரக் கணக்கை மட்டும் முயன்று பாருங்கள்.

இரண்டாம் படி, கையால் கட்டளை கொடுத்து, உடனே திரும்பக் கேளுங்கள். 127 கொடுத்தால், எண் இல்லாமல் 'பி' போட்டுக் கேட்கும்போது 127 என்றே வர வேண்டும். வந்தால் வன்தட்டு நல்ல பிள்ளை. பிறகு அந்த எண்ணை மாற்றுவது யார் என்பதுதான் கேள்வி. வரவில்லை என்றால் இடையில் நிற்கும் சில்லைச் சந்தேகப்படுங்கள்.

மூன்றாம் படிதான் உயிர்நாடி. ஒரு நாட்குறிப்பு எழுதுங்கள். நீங்கள் உட்கார்ந்து எழுத வேண்டாம். லினக்ஸின் கிரான் என்ற நேர ஏவியிடம் சொன்னால், நிமிடத்துக்கு ஒரு முறை 'சி' தெரிவால் நிலையைக் கேட்டு, நேரத்தோடு ஒரு கோப்பில் சேர்த்துக்கொண்டே போகும். நிலையை மட்டும் கேட்டால் வன்தட்டு எழாது. 'பி' அளவை, வன்தட்டு விழித்திருக்கும்போது மட்டும் கேட்கச் சொல்லுங்கள். அந்தக் கோப்பை எங்கே வைப்பது? சோதிக்கும் வன்தட்டில் வைக்காதீர்கள்! நாட்குறிப்பு எழுதுவதே அதை எழுப்பிவிடும். வேறு தட்டில் வையுங்கள்.

இரண்டு நாள் ஓடவிட்டு அந்தக் கோப்பைத் திறந்து பாருங்கள். அரை மணிக்கு ஒரு முறை விழித்திருந்தால் நலம் விசாரிப்பவர் வந்து போகிறார். தினமும் ஒரே நேரத்தில் விழித்தால், அந்த நேரத்துக்கு வைக்கப்பட்ட ஏதோ ஒரு வேலை. 127 என்று இருந்த அளவு திடீரென்று 254 ஆகிவிட்டால் இன்னொரு முதலாளி இருக்கிறார். ஆலை அளவுக்குத் திரும்பிவிட்டால் மின்சாரம் போய்வந்திருக்கிறது.

நான்காம் படி, மாற்றம் நடந்த நிமிடத்தைக் குறித்துக்கொண்டு, அதே நிமிடத்தில் கணினியின் நிகழ்வுப் பதிவில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஜர்னல்சிடிஎல் என்ற கட்டளை நேரத்தைச் சொல்லித் தேட உதவும். உறக்கத்திலிருந்து எழுந்த குறிப்பு இருக்கலாம். யுஎஸ்பி துண்டித்துச் சேர்ந்த குறிப்பு இருக்கலாம். 'ஹார்ட் ரீசெட்டிங் லிங்க்' என்ற வரி இருந்தால் கவனமாக இருங்கள். வன்தட்டோடு தொடர்பு அறுந்து, கணினி அதை மீட்டமைத்திருக்கிறது. தளர்ந்த கம்பி, பலவீனமான மின்வழங்கி இரண்டையும் பாருங்கள். நம் ஊரில் மாலை இடிமழையில் விளக்கு ஒரு கணம் மங்கி எரிவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஒரு கணமும் பழைய மின்வழங்கிக்கு அதிகம். மழை நாளில் மட்டும் கட்டளை மறந்துபோனால், மென்பொருளை நோண்டுவதைவிட ஒரு யுபிஎஸ் பெட்டி வாங்குவது நல்லது.

ஐந்தாம் படி, சந்தேகப்பட்டவர்களை ஒவ்வொருவராக நிறுத்திப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். மூன்றையும் சேர்த்து மாற்றிவிட்டால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. அடுத்த முறை கோளாறு வந்தால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

ஒருவரே சொல்ல வேண்டும்

காரணம் தெரிந்ததும், கட்டளை கொடுக்கும் பொறுப்பை ஒரே இடத்தில் வையுங்கள். டிஎல்பி வைத்திருந்தால் வன்தட்டு அளவையும் அதன் அமைப்புக் கோப்பிலேயே எழுதுங்கள். வேறு எங்கும் எழுத வேண்டாம். டிஎல்பி இல்லாத வீட்டுச் சேமிப்புப் பெட்டியில் யுடெவ் விதி ஒன்று போதும். 'சுழலும் வகை வன்தட்டு ஒன்று தென்பட்டால், அதன் வரிசை எண் இதுவாக இருந்தால், இந்த எச்டிபார்ம் கட்டளையை ஓட்டு' என்பதுதான் அந்த விதியின் சாரம். வன்தட்டு தாமதமாகத் தென்பட்டாலும் கட்டளை தவறாது. எஸ்டிபி போன்ற பெயருக்குப் பதிலாக, தயாரிப்பு எண்ணும் வரிசை எண்ணும் சேர்ந்த நிலையான பெயரைப் பயன்படுத்துங்கள். 'பை-ஐடி' என்ற அடைவில் அந்தப் பெயர்கள் வரிசையாக இருக்கும்.

ஆனால் யுடெவ் விதி மட்டும் போதும் என்று நிம்மதியடைந்துவிடாதீர்கள். கணினி தற்காலிக உறக்கத்திலிருந்து எழும்போது, வன்தட்டு புதிதாகத் தென்பட்டதாக லினக்ஸ் கருதுவதில்லை. அதனால் அந்த விதி ஓடாது. உங்கள் கணினியை உறங்கவிடும் பழக்கம் இருந்தால், சிஸ்டம்டி வைத்திருக்கும் 'சிஸ்டம்-ஸ்லீப்' அடைவில் ஒரு சிறு நிரலை வைக்க வேண்டும். எழுந்த பிறகு அதே கட்டளையைத் திரும்பச் சொல்வதுதான் அதன் வேலை. எண்ணை இரண்டு இடத்தில் எழுதாமல், ஒரே நிரலை இரண்டு இடத்திலிருந்தும் அழையுங்கள். பின்னால் எண்ணை மாற்றும்போது ஒன்றை மாற்றி மற்றதை மறந்துவிடும் ஆபத்து இராது.

கடைசியாகச் சோதியுங்கள். கணினியை முழுவதும் அணைத்துப் போடுங்கள். உறங்கவைத்து எழுப்புங்கள். மடிக்கணினி என்றால் சார்ஜரைக் கழற்றிச் செருகுங்கள். ஒவ்வொன்றுக்கும் பிறகு அளவைக் கேளுங்கள். மூன்று முறையும் நீங்கள் கொடுத்த எண்ணே வந்தால் வேலை முடிந்தது.

எண்ணிக்கையைப் பாருங்கள், எண்ணத்தை மாற்றுங்கள்

மாதம் ஒரு முறையாவது ஸ்மார்ட்சிடிஎல் கருவியைக் கொண்டு வன்தட்டின் கணக்கைப் பாருங்கள். 193-ஆம் எண் வரி தலை ஒதுங்கிய எண்ணிக்கை. 4-ஆம் எண் வரி சுழற்சி நின்று தொடங்கிய எண்ணிக்கை. 9-ஆம் எண் வரி ஓடிய மணி நேரம். 193-இல் இருப்பதை 9-இல் இருப்பதால் வகுத்தால், மணிக்கு எத்தனை முறை தலை ஒதுங்குகிறது என்று தெரியும். ஐந்தாறு முறை என்றால் கவலை வேண்டாம். நூறைத் தாண்டினால் இன்றைக்கே அளவை 254-க்கு மாற்றுங்கள். மின்சிக்கனம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அதே பட்டியலில் 5, 197 ஆகிய இரண்டு எண்களையும் பாருங்கள். தகட்டில் கெட்டுப்போன இடங்களையும், கெட்டுப்போனதாகச் சந்தேகிக்கும் இடங்களையும் அவை சொல்லும். அவை ஏறிக்கொண்டே போனால் உறக்கக் கட்டளையைப் பற்றிய ஆராய்ச்சியை அங்கேயே நிறுத்திவிடுங்கள். அந்த வன்தட்டு கட்டளையை மீறவில்லை, நோயில் கிடக்கிறது. நகல் சரியாக இருக்கிறதா என்று திறந்து பார்த்துவிட்டு, புதிய வன்தட்டு வாங்குங்கள்.

வன்தட்டு எத்தனை முறை தூங்கியது என்பதைவிட, எழுந்தபோது நாம் கேட்டதைத் திருப்பிக் கொடுத்ததா என்பதுதான் முக்கியம். இன்றிரவு மேசைக்கு அடியில் அந்த 'டக்' சத்தம் கேட்டால் எரிச்சல் பட வேண்டாம். நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நாட்குறிப்பின் முதல் வரி கிடைத்துவிட்டது.